பருப்புக்குள் பூட்டிய எண்ணெய்: நட்ஸ், நட் பட்டர் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

ஒரு பாதாமை விரலிடுக்கில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் துளி எண்ணெய் கசியாது. ஆனால் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். வேர்க்கடலையும் அப்படியே. முந்திரியில் சற்றுக் குறைவு, 44 சதவீதம் போல. வால்நட்டில் 65 சதவீதம், மக்கடாமியாவில் 75 வரை போகும். இவ்வளவு எண்ணெய் இருந்தும் கையில் ஒட்டாததற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாகப் பூட்டிக் கிடப்பதுதான். செல்லின் சுவர் நார்ச்சத்தால் ஆனது. நம் வயிற்றிலும் சிறுகுடலிலும் சுரக்கும் எதனாலும் அந்தச் சுவரைக் கரைக்க முடியாது. பல்லோ இயந்திரமோ உடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

எத்தனை செல்கள் உடைந்தன என்ற இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், நட்ஸ் பற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே வந்துவிடும். முழுப் பருப்பைக் கொறிப்பதும் அதையே அரைத்துத் தின்பதும் ஏன் ஒன்றல்ல, அரைத்த விழுதில் ஏன் எண்ணெய் மேலே மிதக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் அது ஏன் இறுகிப்போகிறது, அரைத்தது ஏன் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது என எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கலோரியிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் பாதாமை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். 28 கிராம் பாதாமில் வழக்கமான கணக்குப்படி 170 கலோரி. சாப்பிட்டவர்களின் உடலுக்கு உண்மையில் கிடைத்ததோ சுமார் 129தான். மெல்லும்போது உடையாமல் தப்பிய துணுக்குகள் எண்ணெயோடு அப்படியே வெளியேறிவிட்டன. 2016இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. வறுக்காத முழுப் பாதாமில் கிடைத்த கலோரி, கணக்கைவிட 25 சதவீதம் குறைவு. வறுத்த முழுப் பாதாமில் 19 சதவீதம், வறுத்து நறுக்கியதில் 17 சதவீதம். பாதாமை விழுதாக அரைத்த பாதாம் பட்டரில் மட்டும் வித்தியாசமே இல்லை. இயந்திரம் சுவர்களை உடைத்துத் தள்ளிவிட்டதால், லேபிளில் இருப்பது முழுக்க உடலில் சேர்ந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு நட் பட்டரை ஒதுக்க வேண்டாம். உடல் எடை கூட வேண்டியவருக்கும், மெல்ல முடியாதவருக்கும், கடும் உடற்பயிற்சி செய்பவருக்கும் அதுதான் வசதி. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: முழுப் பருப்பில் கைப்பிடி கொஞ்சம் கூடினாலும் உடல் ஓரளவு விட்டுக்கொடுக்கும், பட்டரில் விட்டுக்கொடுக்காது. பட்டரை அளந்து எடுங்கள்.

எவ்வளவு?

ஒரு வேளைக்கு 28 முதல் 30 கிராம். ஊட்டச்சத்துக் கணக்குகளில் உலகெங்கும் புழங்கும் அளவு இது. எண்ணிக்கையில் சொன்னால் பாதாம் 23, முந்திரி 18, ஓடு நீக்கிய பிஸ்தா 49, வால்நட் பாதிகள் 14, ஹேசல்நட் 21, பீக்கன் பாதிகள் 19, மக்கடாமியா 10 முதல் 12. பட்டர் என்றால் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம். பீநட் பட்டரில் அந்த அளவுக்குச் சுமார் 190 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கும். மேசைக்கரண்டி என்பது தலைதட்டிய கரண்டி. குவித்து எடுத்தால் ஒன்றே இரண்டாகிவிடும். சமையலறைத் தராசு இருந்தால் ஜாடியைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, கரண்டியால் எடுக்க எடுக்க எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கண்ணுக்கே அளவு பழகிவிடும்.

நட்ஸ் இதயத்துக்கு என்ன செய்கிறது? 25 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நாளொன்றுக்குச் சராசரியாக 67 கிராம் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 7.4 சதவீதம் குறைந்தது. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரை வைத்து நடந்த ப்ரெடிமெட் ஆய்வில், மத்தியதரைக் கடல் உணவு முறையோடு தினம் 30 கிராம் நட்ஸ் (15 கிராம் வால்நட், பாதாமும் ஹேசல்நட்டும் ஏழரை கிராம் வீதம்) சாப்பிட்ட பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன. 2013இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை தெரியவந்ததால் அதைத் திரும்பப் பெற்று, 2018இல் திருத்திய கணக்கோடு மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் நாளொன்றுக்கு 42 கிராம் என்ற அளவைக் குறிப்பிட்டு, பாதாம், வேர்க்கடலை, பிஸ்தா, வால்நட் உள்ளிட்ட சிலவற்றின் பொட்டலங்களில் இதய நலன் பற்றி அச்சிட அனுமதித்தது. அதுவும் ‘குறையக்கூடும்’ என்ற தயங்கிய வாசகத்தோடுதான்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏற்கனவே சாப்பிடும் பிஸ்கட், சிப்ஸ், கேக் எல்லாம் அப்படியே தொடர, அவற்றுக்கு மேல் ஒரு கைப்பிடி நட்ஸைச் சேர்த்தால் தினம் 160 முதல் 200 கலோரி கூடும், அவ்வளவுதான். பிஸ்கட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நட்ஸை வைத்தால்தான் பலன். நார், புரதம், கொழுப்பு மூன்றும் சேர்ந்திருப்பதாலும் மெல்ல நேரம் பிடிப்பதாலும் பசி அடங்கி நிற்கும். அடுத்த வேளைச் சாப்பாட்டின் அளவு தானே குறையும்.

பையிலிருந்து நேராக எடுத்துத் தின்னாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பையை மூடி வைத்துவிட்டு உட்காருங்கள். கை நிற்காது என்பவர்கள் ஓட்டோடு இருக்கும் பிஸ்தாவையோ வேர்க்கடலையையோ வாங்கலாம். உரிக்க ஆகும் நேரமே ஒரு கடிவாளம். குவிந்து கிடக்கும் ஓடு எவ்வளவு தின்றோம் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செடி நூல்படி பார்த்தால் இவற்றில் பல நட்டே அல்ல. வேர்க்கடலை மண்ணுக்கடியில் காய்க்கும் பயறு, பட்டாணிக்குச் சொந்தம். பாதாம் ஒரு பழத்தின் விதை. முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் குடும்பம். கொறிப்பவருக்கு இந்த வம்சாவளி தேவையில்லை, ஒவ்வாமை பற்றிப் பேசும்போது மட்டும் உதவும்.

சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம் உண்டு. 28 கிராம் பாதாமில் ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஈயில் ஏறக்குறையப் பாதி கிடைத்துவிடும், நார்ச்சத்தும் மூன்றரை கிராம். வால்நட்டில் தாவர ஒமேகா-3 கொழுப்பான ஏஎல்ஏ அதே அளவில் இரண்டரை கிராம் இருக்கிறது. மற்ற பிரபலமான நட்ஸ் எதுவும் இதில் அதன் பக்கத்தில்கூட வராது. புரதத்தில் வேர்க்கடலை முதலிடம், 28 கிராமுக்கு 7 கிராமுக்கு மேல். முந்திரியில் மாவுச்சத்து கூடுதல், நார் குறைவு. ஆனால் தாமிரச் சத்து நிறைய. அதன் மென்மையும் லேசான இனிப்பும் அந்த மாவுச்சத்தால் வருவதே. மக்கடாமியாவும் பீக்கனும் கொழுப்பில் முன்னணி, புரதத்தில் கடைசி.

விலை உயர்ந்தது என்பதற்காக ஒன்று சத்தில் உயர்ந்ததாகிவிடாது. வேர்க்கடலையை ஏழைப் பங்காளி என்று சற்று இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த இளக்காரத்துக்குச் சத்துக் கணக்கில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்காமல் வாரத்தில் இரண்டு மூன்று வகைகளை மாற்றிச் சாப்பிட்டால் போதும்.

விதிவிலக்கு பிரேசில் நட். ஒரே ஒரு பருப்பில் 70 முதல் 90 மைக்ரோகிராம் செலினியம் என்ற தாதுச்சத்து இருக்கலாம். விளைந்த மண்ணைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம், தாண்டக்கூடாத எல்லை 400. கைப்பிடி அள்ளித் தின்றால் எல்லையை எட்டிவிடலாம். தினமும் அப்படித் தின்றால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

ஊறவைப்பது, வறுப்பது, உப்பு

ஊறவைத்தால் சத்து பலமடங்கு கூடும் என்று சொல்வதற்கு வலுவான சான்று இல்லை. தாதுச்சத்துகளைப் பிடித்து வைக்கும் ஃபைடேட், முழு நட்ஸை ஊறவைப்பதால் சிறிதளவே குறைகிறது, சில ஆய்வுகளில் அதுவும் இல்லை. ஊறவைத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும், பருப்பு மென்மையாகும், சிலருக்கு வயிறு லேசாக இருக்கும். இவை பிடித்திருந்தால் தாராளமாக ஊறவைக்கலாம். ஊறியதை நீரை வடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரம் ஏறிய பருப்பு வெளியில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

சுவைக்கு வறுப்பதை விஞ்ச எதுவும் இல்லை. ஓவனை 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். எண்ணெய் தேவையில்லை. வால்நட், பீக்கன் 8 முதல் 10 நிமிடம். முந்திரி 10 முதல் 12. பாதாம் 12 முதல் 15. தோலோடு இருக்கும் வேர்க்கடலை 18 முதல் 22. பாதி நேரத்தில் ஒருமுறை கிளறிவிடுங்கள், ஓவனின் ஓரங்களில் சூடு அதிகமாக இருக்கும். வாணலி என்றால் தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிளற வேண்டும். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

பதம் பார்க்க ஒரு பருப்பை இரண்டாக வெட்டுங்கள். உள்பக்கம் வெள்ளையிலிருந்து இளம் பழுப்புக்கு மாறியிருந்தால் இறக்கிவிடலாம். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறுப்பு ஆறிய பிறகே வரும். இது தெரியாமல் ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று விட்டுவிட்டுக் கருக்குவது புதியவர்களின் வழக்கம். இறக்கிய பிறகும் உள்சூட்டில் ஓரிரு நிமிடம் வெந்துகொண்டே இருக்கும் என்பதால், சூடான தட்டிலேயே விடாமல் வேறு தட்டுக்கு மாற்றுங்கள். பல வகைகளை ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். பாதாம் வறுபடும் நேரத்தில் வால்நட் கசந்துவிடும். பாதாமை அடர் பழுப்பாக வறுத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுவதால், இளம் பழுப்பிலேயே நிறுத்துவது நல்லது.

உப்பு போட்டது, போடாதது இரண்டில் எது என்றால் தினம் கொறிப்பவருக்கு உப்பில்லாததுதான் சரி. திடீரென மாறினால் சப்பென்று இருக்கும். இரண்டையும் பாதிப்பாதி கலந்து தொடங்கி, உப்பின் பங்கை மெல்லக் குறைத்துக்கொண்டே போகலாம். தேனும் சர்க்கரையும் பூசியவை மிட்டாய்க் கணக்கில் சேரும்.

நட் பட்டர் அரைப்பது

தேவை ஒன்றே ஒன்று: பருப்பு. எண்ணெய், சர்க்கரை, தண்ணீர் எதுவும் இல்லாமல் வெறும் பருப்பே பட்டராகும். பூட்டிய எண்ணெய் முழுக்க வெளியே வந்து, நொறுங்கிய துகள்களைச் சுற்றி நிரம்பும்போது பருப்பு நீர்மமாக வழியத் தொடங்கும். அது வரை பொறுமையாக அரைப்பதுதான் வித்தை.

300 முதல் 400 கிராம் பருப்பை மேலே சொன்னபடி வறுத்து, கை பொறுக்கும் சூடு வரை ஆறவிடுங்கள். முழுக்க ஆறவிட வேண்டாம். வெதுவெதுப்பில் எண்ணெய் இளகி சீக்கிரம் வெளியேறும். வேர்க்கடலையின் தோலை உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிடுங்கள். ஹேசல்நட்டை வறுத்த சூட்டோடு தடித்த துணியில் மூட்டையாகக் கட்டி உருட்டித் தேய்த்தால் தோல் பெரும்பாலும் கழன்றுவிடும். வால்நட் தோல்தான் கசப்பின் இருப்பிடம். முடிந்தவரை உதிர்த்துவிடலாம், முழுக்க எடுக்க நினைத்தால் பொழுது போய்விடும். பாதாம் தோல் இருந்தால் நிறம் அடரும், சுவை கெடாது.

ஃபுட் பிராசசரில் போட்டு ஓட்டினால் முதல் ஒரு நிமிடத்தில் ரவை போலாகும். இரண்டு மூன்று நிமிடத்தில் பிசுபிசுத்த மாவாகிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஒரே உருண்டையாகத் திரண்டு பிளேடைச் சுற்றி ஓடும். இங்கேதான் பலர் ‘கெட்டுப்போச்சு’ என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் அல்லது கைவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். தொடர்ந்து ஓட்டினால் உருண்டை குழைந்து தளர்ந்து, மினுமினுப்பான விழுதாகி, கடைசியில் கரண்டியிலிருந்து நாடா போல வழியும். வேர்க்கடலை, முந்திரிக்கு மொத்தம் 5 முதல் 8 நிமிடம். வால்நட், பீக்கன் அதைவிடச் சீக்கிரம். பாதாம் 10 முதல் 15 நிமிடம் எடுக்கும், சில சமயம் அதற்கும் மேல்.

மிக்ஸியில் அரைக்க வேறு முறை. 150 முதல் 200 கிராம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜாரில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மிகக் குறைவாகப் போட்டாலும் பிளேடில் படாமல் சுவரில் சிதறி நின்றுவிடும். 20 முதல் 30 விநாடி ஓட்டி, நிறுத்தி, வழித்து, மறுபடி ஓட்டுங்கள். ஜாரின் அடி சுட ஆரம்பித்தால் மூடியைத் திறந்து 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். இறுகிய உருண்டைக் கட்டத்தில்தான் மோட்டாருக்குச் சுமை அதிகம், எரிந்த வாடை வருவதும் அப்போதுதான். அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் வாசனை குறைந்த எண்ணெய் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி விடலாம். இது தோல்வி அல்ல, சிறிய இயந்திரத்துக்குச் செய்யும் உதவி.

உப்பு 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். தூள் உப்பாக இருக்கட்டும். பட்டரில் தண்ணீரே இல்லாததால் கல் உப்பும் சர்க்கரைப் பரல்களும் கரையாது, பல்லில் நறநறக்கும். இனிப்பு வேண்டுமென்றால் பொடித்த சர்க்கரைதான் சரி. துணுக்குகள் தட்டுப்படும் பட்டர் பிடித்தவர்கள், ரவைக் கட்டத்தில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் கரண்டியால் கலந்துவிடலாம்.

இனி தண்ணீர் சமாச்சாரம். வழுவழுவென்று வந்துவிட்ட பட்டரில் ஒரு கரண்டி தேன் விட்டால், நொடியில் சிமெண்ட் போல இறுகும். தேனில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் இருக்கிறது. பட்டர் என்பது எண்ணெயில் மிதக்கும் துகள்கள். புரதமும் மாவுச்சத்தும் கொண்ட அந்தத் துகள்களுக்கு எண்ணெயைவிடத் தண்ணீரிடம்தான் ஈர்ப்பு. சில சொட்டுகள் போதும், அவை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வனிலா எசன்ஸ், ஈரமான ஜார், நன்றாக உலராத ஊறவைத்த பாதாம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். தேன் போட்டே தீர வேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு கையால் கலந்து, இறுகலான பதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது சாப்பிடும்போது மேலே விட்டுக்கொள்ளுங்கள், அதுவே உத்தமம்.

இறுகிப்போனதைக் காப்பாற்ற ஒரு வழி, முதலில் கேட்கும்போது நம்ப முடியாதது: இன்னும் தண்ணீர் ஊற்றுவது. வெதுவெதுப்பான நீரை மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இறுக்கம் விட்டு, வெளிறிய நிறத்தில் பாலாடை போன்ற குழம்பாகும். இப்போது தண்ணீர் சூழ்ந்து நிற்க, எண்ணெய் துளிகளாகச் சிதறியிருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை வேண்டுமென்றே செய்தால் அருமையான சாஸ் கிடைக்கும். 2 மேசைக்கரண்டி பட்டர், 2 முதல் 3 மேசைக்கரண்டி வெந்நீர், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு, நசுக்கிய பூண்டு ஒரு பல். வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ், சாலட் எதற்கும் ஒத்துப்போகும். தண்ணீர் சேர்ந்துவிட்டதால் இது சீக்கிரம் கெடும். குளிரில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மேலே மிதக்கும் எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. கனமான துகள்கள் கீழே இறங்க, எண்ணெய் மேலே வருகிறது. ‘கொழுப்பு குறையட்டும்’ என்று அதை வடித்துக் கொட்டினால், ஜாடியின் அடியில் கத்தி இறங்காத கட்டிதான் மிஞ்சும். புதிய ஜாடியை ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி வைத்து, பிறகு நீளமான மழுங்கிய கத்தியால் அடியிலிருந்து கிளறிக் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குளிரில் கெட்டிப்பதால் மறுபடி சீக்கிரம் பிரியாது.

கடையில் கிடைக்கும் சில பட்டர்கள் ஒருபோதும் பிரிவதில்லையே என்றால், அவற்றில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயோ பாமாயிலோ சிறிதளவு இருக்கும். 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த உத்தி அது. லேபிளில் பார்க்க வேண்டியது சேர்மானப் பட்டியல்: பருப்பு, ஒருவேளை உப்பு, அதோடு முடிந்தால் நல்லது. சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் வைத்துவிடுங்கள். ‘கொழுப்பு குறைக்கப்பட்டது’ என்றிருப்பதில் எண்ணெயை எடுத்த இடத்தை பெரும்பாலும் சர்க்கரையும் மாவும்தான் நிரப்பியிருக்கும், கலோரி பெரிதாகக் குறைந்திருக்காது. சர்க்கரை இல்லாதது என்று விற்பவற்றில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மனிதருக்குப் பெரிய தொந்தரவில்லை, ஆனால் நாய்க்கு அது விஷம். வீட்டில் நாய் இருந்தால் அந்த ஜாடி வேண்டாம். மக்கடாமியாவும் நாய்க்கு ஆகாது.

சாப்பிடுவதற்கு ஆப்பிள் துண்டு, வாழைப்பழம், ரொட்டி, ஓட்ஸ், தயிர் எதனோடும் பட்டர் சேரும். புளிப்பும் மொறுமொறுப்பும் உள்ளதோடு சேர்த்தால் வாயில் அப்பும் தன்மை குறையும். அதனால் ஆப்பிள்தான் முதல் தேர்வு.

சிக்கு வாடை, பூஞ்சை, சேமிப்பு

பூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் காற்றுக்கும் அகப்படாது. உடைத்தால், நறுக்கினால், அரைத்தால் ஆக்சிஜன் அதனோடு சேர்ந்து காறல் ஏறத் தொடங்கும். ஓட்டோடு இருப்பது அதிக நாள் தாங்கும், முழுப் பருப்பு அதற்கடுத்து, நறுக்கியது, அரைத்தது என்று ஆயுள் குறைந்துகொண்டே வரும். வறுத்தது, வறுக்காததைவிடச் சீக்கிரம் கெடும். வகையிலும் வித்தியாசம் உண்டு. ஒமேகா-3 நிறைந்த வால்நட் மிக வேகமாகக் கெடும், பாதாம் நிதானமாக. வால்நட்டை வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிரில் வைப்பது நல்லது, ஆறு மாதம் தாங்கும். உறைநிலையில் ஒரு வருடம் வரை. உறையவைத்ததை வெளியே எடுத்ததும் திறக்காமல், டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் பருப்பின் மேல் ஈரம் படியும். வீட்டில் அரைத்த பட்டர் குளிரில் ஒரு மாதம் நன்றாக இருக்கும்.

கெட்டதா என்று பார்க்க மூக்கு போதும். பழைய பெயின்ட், பழைய எண்ணெய் போன்ற வாடை அடித்தாலோ, தின்றபின் தொண்டையில் காறல் நின்றாலோ குப்பையில் போடுங்கள். வறுத்தால் சரியாகிவிடாது.

பூஞ்சை வேறு விஷயம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தேடிப்போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். வறுத்தால் ஓரளவு குறையுமே தவிர முழுக்க அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையோ கறுப்போ படிந்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன்பே பொறுக்கி எறியுங்கள். அரைத்துவிட்டால் நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாது. பாதாமில் எப்போதாவது ஒன்று சுளீரென்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். கசப்புப் பாதாமில் சயனைடு உண்டாகும்.

பட்டரில் ஈரம் இல்லாததால் பாக்டீரியா வளராது. ஆனால் உயிரோடு காத்திருக்கும். 2008–09இல் அமெரிக்காவில் பீநட் பட்டர் வழியாகப் பரவிய சால்மொனெல்லா என்ற பாக்டீரியா 700க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளியது. அது தொழிற்சாலையின் கேடு. வீட்டில் நம்மால் செய்யக்கூடியது, ஜாடிக்குள் ஈரக் கரண்டியோ எச்சில் கரண்டியோ போகாமல் பார்த்துக்கொள்வது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஒவ்வாமை இருப்பவருக்கு ‘கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சே கூடாது. வறுத்தாலும் அரைத்தாலும் அது போகாது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்குப் பிஸ்தாவும், வால்நட் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பீக்கனும் பெரும்பாலும் ஆகாது, நெருங்கிய உறவு என்பதால். வேர்க்கடலை பயறு இனமாக இருந்தும், அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு மர நட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை. தின்றதும் உதடு வீங்கினாலோ, தோல் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. கால்சியம் ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியம், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த வேண்டியவர்களும் அப்படியே.

குழந்தைகள் விஷயத்தில் அறிவுரை தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வேர்க்கடலையைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதுக்குள் சேர்த்து இரண்டு பிரிவாக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்த பிரிவில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டுவந்த பிரிவில் 3.2 சதவீதம்தான். கடும் கரப்பானோ (எக்ஸிமா என்ற தோல் நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கொடுக்கும் வடிவம் முக்கியம். கெட்டிப் பட்டரைக் கரண்டியோடு கொடுத்தால் தொண்டையில் அப்பிக்கொள்ளும். சர்க்கரை இல்லாத, வழுவழுப்பான பீநட் பட்டர் 2 தேக்கரண்டியில், 2 முதல் 3 தேக்கரண்டி வெந்நீரை விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து ஆறவைத்து, முதல் தடவை கரண்டி நுனியளவு மட்டும் கொடுங்கள். 10 நிமிடம் பார்த்துவிட்டு மீதியை மெதுவாக ஊட்டலாம். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு மூன்று முறை இந்த அளவைத் தொடரலாம். முழு நட்ஸை ஐந்து வயதுக்கு முன் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் சிக்கும். ஐந்து வயதான பிறகும் ஓடிக்கொண்டே கொறிக்க விடாமல், உட்காரவைத்துக் கொடுங்கள்.